தைலமூடிச் சிப்பாய்

வெளிநாட்டு போன் அடிக்கிற சத்தமே வேறு என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். காரைக்காலில் என்னோடு வளர்ந்து, இப்போது காதோரம் நரைக்கத் தொடங்கியிருக்கிற யாரும் சிரிக்க மாட்டார்கள். உள்ளூர் மணி விட்டு விட்டு அடிக்கும். வெளிநாட்டு மணி மூச்சுப் பிடித்துக்கொண்டு நீளமாக அடிக்கும். அந்த நீள மணி கேட்டதும் எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்று தெரியும்வரை எல்லா வீட்டிலும் அடுப்பு ஒரு நிமிஷம் சிம்மில் எரியும்.

எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவில் வரும். வாப்பா சவுதியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். ஜும்மா முடிந்து, சோறு தின்று, கார்டு வாங்கிக்கொண்டு, பூத்து வாசலில் வரிசையில் நின்று பேசுவார். முதலில் உம்மா. அடுத்து நானா. அண்ணனை எங்கள் பக்கத்தில் நானா என்போம். கடைசியில், கார்டில் மிச்சம் இருந்தால், நான்.

உம்மா அந்தப் போனுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"போன்ல நல்லது மட்டுந்தான் பேசணும். நோவு நொடி, மவுத்து, சண்டை எதுவும் வாயில வரக்கூடாது. அவங்க அங்க ஒத்தையில கெடக்குறாங்க. ஒண்ணக் கேட்டுட்டா ஒரு வாரத்துக்கு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

எனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "அவ தூங்குறா" என்றுதான் வாப்பாவுக்குச் சேதி போனது. அந்தப் பக்கத்திலும் இதே சட்டம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இந்த முனையில் நல்லாயிருக்கோம், அந்த முனையில் நல்லாயிருக்கேன். நல்லாயிருக்கிறதைச் சொல்லிச் சொல்லியே கார்டு தீர்ந்துபோகும்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. எனக்குப் பதினோரு வயது. நானா பிளஸ் டூ.

வாப்பா கடைசியாக லீவில் வந்தபோது மடிக்கிற சதுரங்கப் பலகை ஒன்று கொண்டுவந்திருந்தார். காய்களின் அடியில் காந்தம் இருக்கும். பலகையைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. அதைக் கடற்கரைக்கு எடுத்துப்போன முதல் நாளே ஒரு வெள்ளைச் சிப்பாயை மணலில் தொலைத்தோம். நானும் நானாவும் மணலைச் சலித்துச் சலித்துத் தேடினோம். வாப்பா சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து கோடாலித் தைலப் புட்டியை எடுத்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லா வாப்பாக்களின் பையிலும் இருக்குமே, அந்தப் புட்டி. அதன் வெள்ளை மூடியைத் திருகி, சிப்பாய் நின்ற கட்டத்தில் வைத்தார். "இந்தா, ஆளு வந்துட்டான்" என்றார். மூடியில்லாத புட்டிக்கு ஒரு துண்டுத் துணியைத் திணித்துக்கொண்டார்.

அந்த மூடிக்குக் காந்தம் கிடையாது. தட்டினால் உருண்டுவிடும். மூக்கருகில் கொண்டுபோனால் கண்ணில் நீர் வரும். வாப்பா போன பிறகு பலகை ஃப்ரிட்ஜ் தலையில், உம்மா பின்னிய குரோஷா விரிப்பின் மேல் ஏறியது. காவல் நான். பூனை, பல்லி, விருந்தாளிப் பிள்ளைகள் எல்லாரிடமிருந்தும் நான்தான் காப்பாற்றினேன். மூடிச் சிப்பாயை ராணிப் பக்கம் ஓரத்திலிருந்து இரண்டாவதாக நிறுத்தியதும் நான்தான். அங்கே நின்றால் ஃப்ரிட்ஜ் திறக்கும்போது ஆடாது என்பது என் கணக்கு. வேறு காரணம் ஒன்றுமில்லை.

பந்தயம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நானாவுக்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டும். அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பேன்சி ஸ்டோர் வைத்திருந்த மாமா, உம்மாவின் தம்பி, வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வாப்பா வேலையை விட்டு வந்தால் அந்த இடத்துக்கு மகனை எடுத்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். மாமா வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து சொல்வார்: "அக்கா, படிச்சவன் பூரா அரசலாத்துப் பாலத்துல நின்னுக்கிட்டு தண்ணியப் பாக்குறான். மச்சான் எத்தன வருசம் அங்கயே கெடப்பாங்க? வெளக்கு எரியுறப்பவே அடுத்த திரிய எடுத்து வக்கணும்."

ஒரு வெள்ளிக்கிழமை நானா போனில் நேராகவே கேட்டுவிட்டான். "வாப்பா, நான் படிக்கணும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்காது. நானா திருப்பிச் சொன்னதைத்தான் கேட்டோம்.

"ஆட்டமா? ... சரி. நான் ஜெயிச்சா காலேஜு. ... நீங்க ஜெயிச்சா விசா. ... வாரத்துக்கு ஒரு காயா? சரி வாப்பா. நீங்க வெள்ளை."

உம்மா ரிசீவரைப் பிடுங்கினார். "என்னங்க இது, புள்ள தலையெழுத்தப் பலகையில வச்சு உருட்டுறீங்க?"

அங்கிருந்து வாப்பா சிரித்திருக்க வேண்டும். உம்மாவும் சிரித்துவிட்டார். பெரியவர்கள் சிரித்துவிட்டால் அது விளையாட்டு என்று நினைத்துவிடுவோம். நானா மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என் கணக்கு எளிமையானது. நானா ஜெயித்தால் படிப்பான். படிப்பு முடியும்வரை பணம் அனுப்ப வாப்பா அங்கேயே இருப்பார். நானா தோற்றால் வாப்பா வீட்டுக்கு வருவார். யார் ஜெயிக்க வேண்டும் என்று துஆ கேட்பது என்று தெரியாமல், "நல்லபடியா முடியணும் யா அல்லாஹ்" என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன்.

வாப்பா ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அடுத்த வெள்ளிக்கிழமை நானா, ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நின்ற கறுப்புச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். அதே போனில் வாப்பா தன் இரண்டாவது ஆட்டத்தைச் சொன்னார்.

"பி நாலா?" என்றான் நானா. "வாப்பா, பி நாலா? ... அத நான் வெட்டிடுவேன் வாப்பா. ... சரி. சரி, பி நாலு."

போனை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜ் பக்கம் வந்தான். எட்டிப் பார்த்தேன். அவன் விரலில் இருந்தது தைல மூடி. அதை இரண்டு கட்டம் முன்னால், தன் கறுப்புச் சிப்பாயின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைத்தான். காக்கவும் ஆளில்லை, பதிலுக்கு எதுவும் கிடைப்பதாகவும் தெரியவில்லை. சும்மா கொடுத்த சிப்பாய்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு. சதுரங்கம் தெரியாதவர்களுக்குத்தான் இதில் கருத்து அதிகம்.

"இறாலப் போட்டு சுறாவப் புடிக்கிற ஆட்டம்" என்றார் உம்மா, இறாலை உரித்துக்கொண்டே.

"சுறா அங்க இருந்தாத்தானக்கா புடிக்க முடியும்?" என்றார் மாமா. "இது சும்மா இறாலக் கடல்ல எறியுற ஆட்டம். மச்சானுக்கு ஆட்டம் மறந்துபோச்சு. மூட்ட தூக்குற கை அது."

"விட்டுக் குடுத்தவங்க கெட்டுப் போனதில்லடா."

"விட்டுக் குடுத்தவங்க கெட்டுப் போனா யாருக்கா வந்து சொல்லப் போறாங்க?"

மாமா சொல்வதில் பாதி கசக்கும், மீதி நினைவில் நிற்கும். இந்த வாக்கியம் எனக்கு நின்றுவிட்டது.

நானா என்னை சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனான். ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பலகைத் தடுப்புகள், ஏசி போட்டும் போகாத வியர்வை வாடை, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புக் குவியல். சென்டர் அண்ணனிடம் சதுரங்கம் ஆடுகிற சிடி ஒன்று இருந்தது. நானா நிலையை அடுக்கிக் கொடுத்ததும் கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்து, கறுப்புக்கு நல்லது என்று எண்ணில் காட்டியது.

"அவ்ளோதான்" என்றார் சென்டர் அண்ணன். "ஒங்க வாப்பா போட்டது ஓட்டை ஆட்டம். மெஷின் பொய் சொல்லாதுடா தம்பி."

"அவங்க எதுக்குக் குடுக்குறாங்கன்னு மெஷினுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. ஆனா குடுத்தா எவ்ளோ நட்டம்னு தெரியும்."

திரும்பி வரும்போது நானா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். நடுவாசலைக் காக்கிற காவல்காரன் ஒருவன் இருக்கிறான். அவனை வெட்ட முடியாது. அதனால் அவன் கையில் ஒரு லஞ்சத்தை வைத்து ஓரத்துக்கு அனுப்பிவிடுகிறார் வாப்பா. வாங்கிக்கொண்டு அவன் ஓரமாகப் போனால் நடுவாசல் வாப்பாவுக்கு. "ஆனா எனக்கு அவசரமில்ல. லஞ்சத்த வாங்கிக்கிட்டு நடுவாசல்லயும் வேற ஆளப் போடுவேன்" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானா தைல மூடியை வெட்டினான். வெட்டுப்பட்ட காயை என் உள்ளங்கையில் வைத்தான். நான் அதை ஜியோமெட்ரி பாக்சில் போட்டேன். அந்த வருஷம் என் கணக்கு நோட்டில் எல்லாம் கோடாலித் தைலம் மணத்தது. வாப்பா தன் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, வெட்டின சிப்பாயையே சீண்டினார். அதற்கடுத்த வாரம் நானா நடுவில் ராணியின் சிப்பாயைத் தள்ளினான். வாப்பா அதை வெட்டினார். நானா தன் ராணியால் திருப்பி வெட்டுவதென்று முடிவு செய்தான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவன் என்னை ஃப்ரிட்ஜ் பக்கம் கூப்பிட்டான். முகம் முழுக்க வெளிச்சம்.

"பாரு. நான் ராணியால வெட்டுனதும் வாப்பாவுக்கு ஆச வரும். அந்த ஓரச் சிப்பாயால என் சிப்பாய வெட்டணும்னு தோணும். குடுத்தது திரும்பக் கெடைக்குதுல்ல? ஆனா வெட்டுனா போச்சு. மூடி போனதுலேருந்து மூலையில இருக்குற யானைக்குக் குறுக்கால மறைப்பு இல்ல. நான் ராணிய இங்க நடுவுல வைப்பேன். ராஜாவுக்கு செக். அதே நேரத்துல குறுக்கால அந்த யானைக்கும் குறி. ராஜாவக் காப்பாத்துவாங்க. நான் யானையத் தின்னுடுவேன்."

"வாப்பா வெட்டுவாங்களா?"

"மாட்டாங்க" என்றான். "குதிரைய வெளிய எடுப்பாங்க. இந்த ஆட்டத்தத் தொடங்குறவங்களுக்கு இது தெரியாம இருக்காது."

வெள்ளிக்கிழமை நீள மணி அடித்தது. உம்மா பேசினார். நானா ரிசீவரை வாங்கி, ராணியால் வெட்டியதைச் சொன்னான். அப்புறம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏ சிப்பாயா?" என்றான். அவன் குரல் மெல்லியதாகிவிட்டது. "பி நாலுல வெட்டுறீங்களா? ... சரி வாப்பா. ... அடுத்த வாரம் சொல்றேன்."

எனக்குப் பேச கார்டு மிச்சமில்லை. நானா போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். அரை மணி நேரத்தில் எண்ணெய் ஊறின பொட்டலத்தோடு திரும்பினான். உள்ளே சூடாக வாடா, எங்கள் பக்கத்து அரிசிமாவு வடை, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு இறால். அவனே காசு கொடுத்து எங்களுக்கு வாங்கித் தந்தது அதுதான் முதல் தடவை.

"உம்மா, நான் காலேஜு போறேன்" என்றான்.

உம்மா வாடாவைப் பிட்டு வாயில் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "நல்லாப் படி" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப இன்னும் நாலு வருசம்" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

மாமாவுக்குச் சேதி போனதும் வந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல. குடுக்குறதயும் தெரியாமக் குடுத்தாங்க, வாங்குறதயும் தெரியாம வாங்குறாங்க."

எல்லாரும் அதைத்தான் நம்பினோம். வாப்பா களைத்துப்போன மனிதர். பலகையை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, வாப்பாவோடு ஒரே ரூமில் இருந்த ஒரு சாச்சா, எங்களுக்குச் சித்தப்பா முறை, லீவில் வந்தார். அவர் கையில் வாப்பா கொடுத்தனுப்பிய பார்சல்: பேரீச்சம்பழம், பால்பவுடர், சோப்பு, எனக்கொரு பேனா, ஒரு தைலப் புட்டி. சாச்சா நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீ குடித்தார். அவர் பார்வை பலகைப் பக்கம் போய்ப் போய் வந்தது.

"இதான் அந்த ஆட்டமா?" என்றார். "அங்கயும் ஒண்ணு கட்டிலுக்கடியில இருக்கு. யாரையும் தொட விடமாட்டார்."

உம்மா, "நல்லாயிருக்காங்கள்ல?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. "நல்லாயிருக்கார்" என்பதுதான் பதில்.

சாச்சா டம்ளரைக் கீழே வைத்தார். "லாத்தா, சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். ஆனா நானும் புள்ள குட்டிக்காரன். சுகர்ல கால்ல புண்ணு வந்து, பெருவிரல எடுத்துட்டாங்க. இப்பவும் நாள் பூரா நின்னுக்கிட்டுத்தான் வேலை. பூட்ஸுக்குள்ள துணிய வச்சு அமுக்கிக்கிட்டு நிக்கிறார். டாக்டர் ஊருக்குப் போகச் சொல்லிட்டார். மவன் படிப்பு முடியட்டும்ங்கிறார்."

உம்மா பார்சலில் இருந்த சோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கலைத்தார். மறுபடி அடுக்கினார்.

நானா கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

சாச்சா போன பிறகு உம்மா சொன்னது இதுதான்: "போன்ல யாரும் கேக்கக் கூடாது. நமக்குத் தெரிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா இன்னும் ஒடஞ்சு போவாங்க."

அந்தச் சட்டம் சரியா தவறா என்று அன்றைக்கு எங்களில் யாரும் யோசிக்கவில்லை. ஒரு மனிதரின் கால்விரல் போயிருக்கிறது. மகனுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், பதினோரு வயது மகளுக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை போனில் அதைச் சொல்ல வழி கிடையாது. அந்தக் கம்பியில் போக அனுமதி இருந்தது இரண்டுக்குத்தான். ஒன்று நல்லாயிருக்கோம். இன்னொன்று பலகையின் கட்டங்கள்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தபோது நானா குளித்து, சட்டை மாற்றி, போன் பக்கத்தில் நின்றிருந்தான். உம்மா வழக்கத்தைவிடச் சிரிப்பான குரலில் பேசினார். பார்சல் வந்தது, பழம் நல்லாயிருக்கு, எல்லாரும் நல்லாயிருக்கோம். நானா ரிசீவரை வாங்கினான்.

நான் ஃப்ரிட்ஜ் அருகில் ஸ்டூலில் ஏறித் தயாராக இருந்தேன். கறுப்பு ராணியை நடுவில் வைக்க வேண்டும். எந்தக் கட்டம் என்பது எனக்கே தெரியும்.

"வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும். ... நல்லாயிருக்கேன். ... ஆட்டத்த விட்டுர்றேன் வாப்பா."

என் கை ராணியின் தலைக்கு மேலேயே நின்றது.

"ஆமா. தோத்துட்டேன். ... பாத்தேன் வாப்பா. ... நல்லாப் பாத்தேன். ... இல்ல, அடுத்த வெள்ளி வேணாம். ... எனக்கு வழி ஒண்ணும் தெரியல. ... பாத்துட்டேன்னு சொல்றேன்ல வாப்பா."

அதற்கப்புறம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் வாப்பா பேசிக்கொண்டிருந்தாரா என்று தெரியாது. கார்டு கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் நானா, "பாப்பா பேசணுமாம்" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினான். நான் இறங்கி ஓடி வாங்கினேன்.

"வாப்பா" என்றேன்.

"சாப்ட்டியாம்மா?" என்றார். அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

மாமா சந்தோஷப்பட்டார். "ஜெயிக்கிறேன் ஜெயிக்கிறேன்னு வாடா வாங்கிக் குடுத்துட்டு தோத்துட்டு நிக்கிறான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சென்டர் அண்ணன், "அந்த நெலமையில எப்பட்றா தோத்த? மெஷினுக்கே வெக்கம்டா" என்றார். நானா எல்லாருக்கும் சிரித்தான். பரீட்சை எழுதினான். ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். மார்க் ஷீட்டை உம்மா பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மாங்கனித் திருவிழா நேரம் அவன் கிளம்பினான். ஊர் முழுக்க மாம்பழ வாசனை. தேரோடும் தெருவில் பழம் எறிவதையும் பிடிப்பதையும் பார்க்க ஜனம் நெரிந்ததால், கார் சுற்றி வளைத்துப் போக வேண்டியிருந்தது. நானா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். மாடியிலிருந்து எறிந்த பழம் ஒன்று கார் கூரையில் விழுந்து உருண்டு போயிற்று. யாரும் இறங்கி எடுக்கவில்லை.

வேலை பழக்கிவிட்டு வருவதற்காக வாப்பா சில மாதம் அவனோடு அதே ரூமில் இருந்தார். அந்த மாதங்களில் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பலகையை மட்டும் கட்டிலுக்கடியிலிருந்து எடுக்கவே இல்லையாம்.

ஐப்பசி மழையோடு வாப்பா வந்தார். நான் இத்தனை நாள் துஆ கேட்ட வாப்பா. முன்பக்கம் வெட்டின செருப்பு, சத்தமில்லாத நடை. வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. விருந்தாளி மாதிரி கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடித்தார். வெள்ளிக்கிழமை மணி அடித்தால் அவருக்கு முன்னால் உம்மா ஓடிப்போய் எடுப்பார். வாப்பா ஹால் நாற்காலியில் விரல்களைக் கோத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பார். நானாவிடம் அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "நல்லாயிருக்கியா?"

மழை விடாமல் பெய்த ஒரு நாள் பள்ளிக்கூடம் லீவு. கரண்டும் இல்லை. நான் பலகையை இறக்கி அவர் முன் வைத்தேன். ஜியோமெட்ரி பாக்சிலிருந்து தைல மூடியையும் எடுத்து வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. எடுத்து முகர்ந்தார்.

"இன்னும் வாசம் போகலையே" என்றார்.

வாப்பா வெள்ளை. ராஜாவின் சிப்பாய். நான் நானா வைத்த அதே பதில் வைத்தேன். வாப்பா மூடியை இரண்டு கட்டம் தள்ளினார். நான் வெட்டினேன். அவர் ஓரச் சிப்பாயால் சீண்டினார். நான் நடுச் சிப்பாய். அவர் வெட்ட, நான் ராணியால் வெட்ட. எனக்கு மனப்பாடம். வெளியே ஓடுகளில் மழை அறைந்துகொண்டிருந்தது. இப்போது அவர் ஓரச் சிப்பாயால் வெட்டுவார், நான் செக் வைத்து யானையைத் தின்பேன் என்று என் கை ராணிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

வாப்பா குதிரையை வெளியே எடுத்தார்.

"ஏன் வாப்பா இத வெட்டல?" என்றேன்.

"வெட்டுனா நீ ராணிய இங்க கொண்டாந்து செக் வைப்பியே. யானை போயிடும்ல. இந்த ஆட்டத்துல முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியதே அது..."

பாதியில் நின்றுவிட்டார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சின்னப்பெண்தான், ஆனால் அந்தப் பலகைக்குக் காவல் இருந்தவள். எத்தனையாவது ஆட்டத்தில் யார் எதை வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

உம்மா உள்ளே டீக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

"நானாட்ட சொல்லாதேம்மா" என்றார் வாப்பா. "அவன் வேணும்னு தோத்தான்னு எனக்குத் தெரியும். நான் வேணும்னு குடுத்தேன்னு அவனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அங்க நிக்க முடியாது அவனால."

அதன் பிறகு வாப்பா ஏழெட்டு வருஷம் இருந்தார். விரல் போன காலும் போய், கண்ணும் மங்கி, ஒரு நோன்பு மாதத்தில் மவுத்தானார். நானாவால் அப்போது வர முடியவில்லை. அவன் அனுப்பிய பணத்தில் நான் படித்தேன். இன்ஜினியரிங்தான். அவன் சேர நினைத்த அதே படிப்பு. சேர்க்கையின்போது மாமா பெருமையோடு சொன்னார்: "அன்னைக்கு நான் சொல்லலேன்னா இன்னைக்கு இது நடந்திருக்குமா?" அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

அந்தச் சிப்பாயைக் கொடுத்தது சரியா தவறா என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். கொடுத்தவரும் நட்டப்பட்டார், வாங்க மறுத்தவனும் நட்டப்பட்டான். பலகையிலேயே இல்லாத எனக்கு லாபம் வந்தது. இதை எந்த மெஷினில் அடுக்கிக் காட்டுவது?

தைல மூடி இப்போது இல்லை. வீடு இடித்துக் கட்டும்போது போயிற்று. பலகை மட்டும் இருக்கிறது.

இந்த வருஷ நோன்புக்கு நானா லீவில் வந்தான். தாடி பாதி வெளுத்துவிட்டது. அவனுக்கும் சுகர். சாயங்காலம் நோன்பு திறக்க நேரம் இருந்தது. நான் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். என் மகளுக்கு இப்போது அன்றைய என் வயது. போனில் சதுரங்கம் ஆடுகிறவள். அவளுக்குப் பழைய பலகையில் நானா அந்த ஆட்டத்தை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். மூடிக்குப் பதில் ஒரு பேரீச்சங்கொட்டை.

மகள் அதையே போனிலும் தட்டினாள். "மாமா, இது தப்பான மூவ். வெள்ளைக்குக் கோடு எறங்கிருச்சு பாருங்க."

"இது ஒங்க உம்மாவோட வாப்பா வச்சது" என்றான் நானா. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனான். ஓரச் சிப்பாயால் வெட்டினான். மகளின் போனில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டுகிற அந்தக் கோடு ஒரேயடியாக அடியில் போய் விழுந்தது.

நானா போன் பக்கம் குனிந்து பார்த்தான். "பாவம், அவருக்குத் தெரியல" என்றான். "நின்னு நின்னு கண்ணு மங்கிப் போயிருக்கும். இருட்டு ரூமு அது. நான் இருந்தேன்ல அங்க."

நான் நிமிரவில்லை. "ஆமா நானா" என்றேன்.

மகள் விடவில்லை. ஒரு ஆட்டம் பின்னால் போய், பலகையிலும் போனிலும் வெள்ளைக் குதிரையை எடுத்து வைத்தாள். கோடு மேலே ஏறிவந்தது. "இத வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது மாமா. இந்த ஓப்பனிங் ஆடுறவங்க எல்லாரும் இதத்தான் வைப்பாங்க. இது தெரியாம யாரும் ஆடவே மாட்டாங்க."

"குதிரையா" என்றான் நானா.

பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"வாப்பா ஒன்கூட ஆடுவாங்கள்ல, நான் போனப்புறம். இந்த எடத்துல எத வைப்பாங்க?"

தேங்காய்ச் சக்கை என் கைக்குள் உலர்ந்து போயிருந்தது. இன்னும் பிழிந்துகொண்டிருந்தேன்.

"மறந்துபோச்சு நானா" என்றேன்.

எனக்கு எதுவும் மறக்காது என்று அவனுக்குத் தெரியும். இந்த வீட்டில் யார் எப்போது என்ன சொன்னாலும், வருஷம் கழித்துக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்கிறவள் நான்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு முன்னால் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம் கேட்டது. நானா வெள்ளைக் குதிரையை எடுத்து, அது கிளம்பின கட்டத்திலேயே திருப்பி வைத்தான். பேரீச்சங்கொட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.